இலக்கியா பேரில் மொய்

மே 8

உரக்கடையில் தை மாதம் கொடுத்த டைரி இது. இதுவரை தேங்காய் வெட்டுக் கணக்குத்தான் எழுதி வந்தேன். இன்றைக்குத் தேங்காயை எழுத மனமில்லை. என் பேத்தி இலக்கியா பன்னிரண்டாம் வகுப்பில் அறுநூறுக்கு ஐந்நூற்று நாற்பத்தொன்று வாங்கியிருக்கிறாள். எங்கள் தெருவில் இந்த வருடம் இதுதான் பெரிய எண்.

நானும் படிப்பில் குறைந்தவள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். அந்த வகுப்பில் தடங்கலில்லாமல் வாசித்தது நான் ஒருத்திதான். கூடப் படித்த கோவிந்தம்மாளைக் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆனால் அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் என் மகன் நீலமேகம் சிங்கப்பூரிலிருந்து பேசினான். அங்கே கட்டிடங்களுக்குக் கரண்டு கம்பி இழுக்கிற வேலை அவனுக்கு. முகம் தெரியவில்லை, குரல் மட்டும்.

“படத்தப் போடுடா, புள்ள பாக்கட்டும்.”

“நெட்டு சரியில்லம்மா.”

சிங்கப்பூரில் நெட்டு சரியில்லையாம். நம் ஊரில் நன்றாக இருக்கிறதாம்.

அடுத்து என்ன படிக்கப் போகிறாள் என்று கேட்டான். இலக்கியா போனை வாங்கிக்கொண்டு, “டிரிபிள் ஈ இன்ஜினியரிங் படிக்கணும்ப்பா. நீங்க கம்பி இழுக்குறீங்க. எந்தக் கம்பிய எங்க இழுக்கணும்னு சொல்ற ஆளா நான் வரணும்” என்றாள்.

அவன் பதிலுக்கு, ஊரில் மழை பெய்ததா என்று கேட்டான். சந்தோஷத்தில் என்ன பேசுவதென்று தெரிந்திருக்காது.

மே 14

இலக்கியா காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் கோடு போட்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நடுவீட்டில் உட்கார்ந்து மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டே கேட்டேன்.

“என்னாடி கணக்கு?”

“இந்தப் பக்கம் செலவு அப்பாயி. தஞ்சாவூர்ல தனியார் காலேஜு, பீசு, ஹாஸ்டலு, புத்தகம் எல்லாம் சேத்து நாலு வருசத்துக்கு அஞ்சு லட்சத்துக்கு மேல வருது. இந்தப் பக்கம் வரவு. முடிச்ச உடனே பதினஞ்சாயிரம் சம்பளம் கெடச்சா பெரிசு. கடன் வாங்கிப் படிச்சா அதுல பாதி வட்டியும் முதலுமாப் போயிரும்.”

“அதுக்கு?”

“அரசு பாலிடெக்னிக்குல பன்னெண்டு முடிச்சவங்கள நேரா ரெண்டாம் வருசத்துல சேத்துக்குறாங்க. ரெண்டே வருசம். பீசும் ஒண்ணும் பெரிசா இல்ல. டிப்ளமோ வாங்கி வேலைக்குப் போயிட்டு, சம்பாரிச்சுக்கிட்டே டிகிரி படிக்கலாம்.”

எனக்குச் சுருக்கென்றது. ஐந்நூற்று நாற்பத்தொன்று வாங்கினவள் பேசுகிற பேச்சா இது? மொய் விருந்து மண்டபத்தில் மைக்கில் பேர் வாசிக்கும்போது, படித்தவர்களுக்கெல்லாம் பட்டத்தைச் சேர்த்து வாசிப்பார்கள். வக்கீல் இன்னார், டாக்டர் இன்னார், பொறியாளர் இன்னார். டிப்ளமோ இன்னார் என்று வாசித்து நான் கேட்டதில்லை. அதைச் சொன்னேன்.

“மைக்குல சொல்றதுக்கா அப்பாயி படிக்கிறது?” என்று சிரித்தாள்.

சிரிக்கட்டும். சின்னப் புள்ளை.

மே 29

பக்கத்து வீட்டு அருள்பிரகாசு லீவுக்கு வந்திருக்கிறான். அவனும் இதே டிரிபிள் ஈ தான். தஞ்சாவூரில் ஒரு பெரிய கடையில் வேலை. நம் வீட்டு மிக்சி ஓடவில்லை என்று தூக்கிக்கொண்டு போனேன்.

“அப்பாயி, நான் படிச்சது டிரான்ஸ்பார்மரு. விக்கிறது ஏசி. மிக்சியெல்லாம் எனக்குத் தெரியாது” என்றான்.

“சம்பளம் எவ்வளவுடா?”

“சம்பளம் வந்த ஒடனே மொதப் பந்தியில பேங்குக்காரன் உக்காந்துருவான். அவன் சாப்புட்டு எந்திரிச்ச எலையில எனக்கு.”

இலக்கியா சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனிடம் வட்டி விவரம் எல்லாம் துருவித் துருவிக் கேட்டாள். எனக்குப் பிடிக்கவில்லை. அவன் பத்தாம் வகுப்பிலேயே கணக்கில் தட்டுத் தடுமாறித் தேறியவன். அவனும் என் பேத்தியும் ஒன்றா?

மிக்சியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இலக்கியாவே பிரித்துச் சரி செய்துவிட்டாள்.

ஜூன் 6

கல்விக் கடன் கேட்டு பேங்குக்குப் போனோம். நான், இலக்கியா, மருமகள் தேன்மொழி. அங்கே இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், ஆனால் அவர் பேரில் ஒரு பழைய கடன் கட்டாமல் நிற்கிறது, அதை முடித்துவிட்டு வாருங்கள் என்றது.

“எம் மவன் சிங்கப்பூர்ல இருக்காம்மா. கடன் நிக்கிற ஆளு இல்ல” என்றேன்.

“இதுல அப்படித்தாம்மா காட்டுது.”

மெஷின் தப்பாகக் காட்டுகிறது. நீலமேகம் என்று ஊரில் எத்தனை பேர். தேன்மொழியைச் சொல்லச் சொன்னேன். அவள் செருப்பு வாரைக் குனிந்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் இன்னொன்றும் கேட்டது. “பொண்ணு கவர்மெண்டு ஸ்கூலா? ஆறாவதுலேருந்து அங்க படிச்சிருந்தா தனி ஒதுக்கீடு இருக்கு. பீசு, ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டிரும்.”

இல்லை, இங்கிலீஷ் ஸ்கூல் என்று இலக்கியா சொன்னாள். ஆமாம், வேன் வீட்டு வாசலுக்கே வரும். கோவிந்தம்மாள் பேரப் பிள்ளைகள் நடந்து போகும்போது இவள் வேனில் போவாள். அந்த வேனுக்கு நான்தான் பணம் கட்டினேன்.



ஜூன் 7

ரசம் வைத்தேன். புளி கூடிவிட்டது.

ஜூன் 15

முடிவு செய்துவிட்டேன். ஆடியில் மொய் விருந்து வைக்கப் போகிறேன்.

பேங்குக்காரி இல்லாவிட்டால் ஊர் இல்லையா? எங்கள் பேராவூரணிப் பக்கம் வீடு கட்ட, கடை வைக்க, பிள்ளை படிக்க எல்லாவற்றுக்கும் இதுதானே வழி. கிடா வெட்டிச் சோறு போட வேண்டும். வந்து சாப்பிடுகிறவர்கள், நாம் அவர்கள் விருந்தில் செய்த பழைய மொய்யைத் திருப்பி எழுதி, அதற்கு மேல் புது மொய்யும் வைப்பார்கள். அந்தப் புது மொய்யை அவர்கள் விருந்து வைக்கும்போது நாம் செய்ய வேண்டும். வட்டி கிடையாது, கையெழுத்து கிடையாது.

நான் விருந்து வைத்து ஆறு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு எத்தனை வீட்டுக்குச் செய்திருக்கிறேன். கஜா புயலில் தோப்பு சாய்ந்த வருடம்கூட, மிஞ்சின மரத்துத் தேங்காயை விற்று, கேட்ட முகம் கோணாமல் செய்தேன். எனக்குத் தம்பி முறையாகிற சிதம்பரவேல் வீட்டுக்கு மட்டும் பதினைந்தாயிரம். எல்லாம் திரும்பினால் படிப்புச் செலவு போக மிச்சம் நிற்கும்.

நான் சொன்னதும் தேன்மொழி கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

“அத்தை, இந்த வருசம் வேணாமே.”

“ஏன் வேணாம்?”

“அவங்க ஊருக்கு வந்தப்பறம் வச்சுக்கலாம்.”

இலக்கியாவும் வேண்டாம் என்கிறாள். “பாலிடெக்னிக்கே போதும் அப்பாயி. நெசமாத்தான் சொல்றேன். விருந்தெல்லாம் வேணாம்.” கண் கலங்கிவிட்டது அவளுக்கு. கடன் என்றால் பயப்படுகிறாள். மொய் கடன் இல்லை, மரியாதை என்று விளக்கினேன். விருந்தை அவள் பேரிலேயே வைக்கிறேன் என்றும் சொன்னேன். மொய் நோட்டில் இலக்கியா என்று எழுதும்போது அவளுக்கே பெருமையாக இருக்கும்.

ஜூன் 23

கோவிந்தம்மாள் வீட்டாரும் அதே நாளில் அதே மண்டபத்தில் விருந்து வைக்கிறார்கள். பேரன் கடை வைக்கிறானாம். பந்தல் செலவு இரண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி.

இன்று முழுக்க நானும் இலக்கியாவும் பத்திரிகை வைத்தோம். பாலிடெக்னிக்கில் சேர்க்கைக்கு இன்றைக்குத்தான் கூப்பிட்டிருந்தார்களாம். விருந்து யார் பேரிலோ அந்தப் புள்ளை வந்து பத்திரிகை வைக்காவிட்டால் நன்றாகவா இருக்கும்? வரச் சொன்னேன், வந்தாள். போகிற வழியில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது, பட்டுக்கோட்டை பஸ் கிளம்பி வளைகிற வரைக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லா வீட்டிலும் காபி கொடுத்தார்கள். ஆனால் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சிதம்பரவேல் பத்திரிகையை வாங்கிக்கொண்டு, “நீலமேகம் தம்பி ஒண்ணும் சொல்லலியாக்கா?” என்றான்.

“என்ன சொல்லணும்?”

அவன் இலக்கியாவைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “இல்லக்கா. சும்மாதான் கேட்டேன். வந்துர்றேன்” என்றான்.

ஜூலை 18

பிளக்ஸ் வந்துவிட்டது. பட்டுக்கோட்டைக் கடைக்காரன், கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்ட எவளோ ஒருத்தியின் உடம்பில் இலக்கியாவின் முகத்தை ஒட்டியிருக்கிறான். ஒட்டினதே தெரியவில்லை. கீழே ‘வருங்காலப் பொறியாளர்’ என்று தங்க நிறத்தில் எழுத்து. மண்டப வாசலில் கட்டச் சொன்னேன்.

“இன்னும் சீட்டே கெடைக்கல அப்பாயி. யாராச்சும் சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்டி. நாலு வருசம் கழிச்சு அவனுங்களே எந்திரிச்சு நிப்பானுங்க.”

ஜூலை 30

விருந்து முடிந்தது. கால் கடுக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

கறி நன்றாக இருந்தது. எல்லோரும் சொன்னார்கள். சோறு குறையவில்லை. வருவேன் என்று சொன்னவர்களில் வராதவர்கள் இல்லை.

ஒரு பக்கம் கோவிந்தம்மாள் மேசை, ஒரு பக்கம் நம் மேசை. இரண்டிலும் எழுத ஆள், பணம் போட அண்டா. நடுவில் பேர் வாசிக்கிற சக்கரபாணி மைக்கோடு. “வருங்காலப் பொறியாளர் இலக்கியா அவர்களின் விருந்துக்கு” என்று கணீரென்று ஆரம்பித்தான். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

அப்புறம் வாசித்தான். இருநூறு. நூறு. இருநூற்று ஐம்பது. நான் ஐயாயிரம் செய்த வீடு, நூறு. பத்தாயிரம் செய்த வீடு, முந்நூறு. சிதம்பரவேல் வந்தான். நான் எழுந்து நின்றேன். “சிதம்பரவேல், இருநூறு” என்று வாசித்தான் சக்கரபாணி. சிதம்பரவேல் என் பக்கம் திரும்பாமல் கை கழுவப் போய்விட்டான்.

அந்தப் பக்கம் கோவிந்தம்மாளுக்கு இரண்டாவது அண்டா கொண்டுவந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து போய், மைக்கை நிறுத்தச் சொல்லிவிட்டாள். தலை வலிக்கிறதாம். என் பேத்தியின் பேரை மறுபடி மறுபடி கேட்கப் பொறுக்கவில்லை அவளுக்கு. அதன் பிறகு யார் எவ்வளவு எழுதினார்கள் என்று வெளியே தெரியவில்லை.

இலக்கியா பந்தியில் கடைசி இலை வரைக்கும் தண்ணீர் ஊற்றினாள். ஒரு தடவைகூட மேசைப் பக்கம் பார்க்கவில்லை.

ஜூலை 31

வந்தது தொண்ணூறாயிரம். கிடாய்க்கும் மண்டபத்துக்கும் சமையலுக்கும் ஆனது அதைவிட ஐம்பதாயிரம் அதிகம்.

ஆகஸ்ட் 2

சிதம்பரவேல் வீட்டுக்குப் போனேன். கேட்காமல் விடுகிற ஆள் நான் இல்லை.

“ஒன் வீட்டு விருந்துக்குப் பதினஞ்சாயிரம் செஞ்சவ நான். இருநூறு எழுதுற கை எப்படிடா வந்துச்சு?”

அவன் பெண்டாட்டி உள்ளே போய்விட்டாள். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“ஒக்காருக்கா. பழைய மொய்யப் போன ஐப்பசியிலயே கொடுத்துட்டேன்.”

“யார்ட்ட?”

“தம்பி போன் பண்ணுச்சு. கம்பெனிய மூடிட்டானாம், எட்டு மாசமாச் சம்பளம் இல்லையாம். வேற வேலைக்கு ஏஜெண்டுக்குக் கட்டணும், விருந்து வைக்கிறப்ப எழுதுற மொய்ய இப்பவே கொடுங்க மாமான்னு அழுதுச்சு. அம்மாவுக்குத் தெரிய வேணாம்னுச்சு. நான் மட்டுமாக்கா கொடுத்தேன்? நீ செஞ்ச வீடெல்லாம் கொடுத்துச்சு. விருந்தன்னிக்கு வெறுங்கையோட வரக்கூடாதேன்னுதான் ஆளுக்குக் கொஞ்சம் புது மொய் எழுதுனோம்.”

சிதம்பரவேலுக்கு எழுபது நெருங்கிவிட்டது. இந்த வயதில் ஞாபகம் பிசகும். வெயிலில் நடந்து வந்ததில் கால் வீங்கிவிட்டது.

ஆகஸ்ட் 3

வெங்காயம் உரித்தேன். கண் எரிகிறது.

ஆகஸ்ட் 5

இலக்கியா ஆட்டுக்குத் தின்னக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

“ஒனக்குத் தெரியுமாடி?”

கையில் இருந்த குழையைக் கட்டி முடித்துவிட்டுத்தான் பேசினாள். “எல்லாரும் என் போன் நம்பருக்குத்தான் அனுப்பினாங்க அப்பாயி. நான்தான் அப்பாவுக்கு அனுப்பி விட்டேன்.”

“அந்த ஏஜெண்டு?”

“ஏமாத்திட்டான். அப்பா இப்ப ஏதோ கிடங்குல மூட்டை அடுக்குறாங்க. வர்ற சம்பளம் அங்க வாங்குன கடனுக்கே சரியாப் போயிருது.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ தெருவுல நடப்பியா அப்பாயி?”

இது என்ன கேள்வி? நான் எப்போதும்போலத் தலை நிமிர்ந்துதான் நடக்கிறேன். நேற்றிலிருந்து பொழுது சாய்ந்த பிறகு தண்ணீர் பிடிக்கப் போவது, அந்த நேரத்தில் குழாயில் கூட்டம் இருக்காது என்பதால்.

ஆகஸ்ட் 11

கவுன்சிலிங்கில் சீட்டு வந்துவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கம் காலேஜ், அவள் கேட்ட அதே டிரிபிள் ஈ. போனை என்னிடம் நீட்டினாள். இங்கிலீஷில் இருந்தது. அவள் பேர் மட்டும் எனக்கு வாசிக்க வந்தது.

ஒரு வாரத்துக்குள் பணம் கட்ட வேண்டுமாம். தோப்பை விற்கிறேன் என்றேன். புயலுக்குப் பிறகு வைத்த கன்றுகள் இன்னும் பாளை விடவில்லை. இப்போது விற்றால் அடிமாட்டு விலைதான் கேட்பார்கள். இருந்தாலும் விற்கிறேன் என்றேன்.

“வித்துட்டு நீயும் அம்மாவும் எதத் திம்பீங்க?” என்றாள். பிறகு அந்தக் காலண்டர் தாளை எடுத்து வந்து என் முன்னால் விரித்தாள். செலவுப் பக்கத்தில் புதிதாக எழுதியிருந்தாள்.

“கிடாய்க்காரருக்குப் பாக்கி. மண்டபத்துக்குப் பாக்கி. விருந்துல வந்த தொண்ணூறாயிரமும் எம்பேர்ல எழுதியிருக்கு அப்பாயி. அதுல முக்காவாசிப் பேரு அடுத்த ஆடியிலேருந்து விருந்து வைப்பாங்க. அதெல்லாம் நான் செய்யணும். அப்பா சம்பளம் வர எத்தன வருசம் ஆகுமோ தெரியல. இதுக்கு மேல படிப்புக் கடனும் ஏத்துனா, படிச்சு முடிச்சு நான் வாங்குற பதினஞ்சாயிரத்துக்கு எத்தன பேரு பந்தியில ஒக்காருவாங்க?”

தாளை நான்காக மடித்து அவள் கையில் கொடுத்தேன். கடைசியில் கேட்டேன்.

“பாலிடெக்னிக்கு?”

“அது ஆனியிலயே முடிஞ்சிருச்சு.”

குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் கோபப்பட்டிருக்கலாம் அவள்.

ஆகஸ்ட் 18

பணம் கட்டக் கடைசி நாள். மழை பெய்தது. கொப்பரையை எடுத்து உள்ளே போட்டோம்.

ஆகஸ்ட் 27

இலக்கியா ஓசூர்ப் பக்கம் கிளம்பினாள். கரண்டில் ஓடுகிற வண்டி செய்கிற கம்பெனியாம். பன்னிரண்டு முடித்த பெண்களை வேலைக்கு எடுக்கிறார்கள். தங்க இடம், சாப்பாடு கொடுத்து மாதம் பதினாறாயிரம். வண்டிக்குள் ஒயர் பூட்டுகிற வேலை.

“கரண்டு வேலைதான் அப்பாயி” என்றாள். என்னைச் சிரிக்கவைக்கச் சொன்னாள். சிரித்தேன்.

காலேஜுக்கு என்று நான் வாங்கி வைத்திருந்த பெட்டியைத்தான் எடுத்துப் போனாள். தெருமுனையில் கோவிந்தம்மாள் நின்றிருந்தாள்.

“புள்ள எங்க கெளம்பிருச்சு?”

“காலேஜுக்கு” என்றேன்.

இலக்கியா என்னைப் பார்த்தாள், பெட்டியைக் கை மாற்றிக்கொண்டாள். கோவிந்தம்மாள் மேற்கொண்டு கேட்கவில்லை. இலக்கியாவின் தலையைத் தடவி, நல்லா படி ஆயி என்று கையில் இருநூறு ரூபாயைத் திணித்தாள்.

பஸ் ஏறுவதற்கு முன்னால் அந்த இருநூறை இலக்கியா என்னிடம் கொடுத்தாள். “இதையும் எழுதி வச்சுக்க அப்பாயி. திருப்பிச் செய்யணும்.”

நவம்பர் 3

நீலமேகம் பேசினான். இந்த முறை படத்தைப் போட்டான். இளைத்திருக்கிறான். நான் எதையும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

ஜனவரி 15

பொங்கலுக்கு இலக்கியா இரண்டு நாள் வந்திருந்தாள். வேலை முழுக்க நின்றுகொண்டே செய்வதாம். சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் காலை ஊற வைத்தேன். விரல் நுனி எல்லாம் காய்த்து, என் கையைப் போல இருக்கிறது.

ஆட்டுக் கொட்டகைக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். கூரை ஒழுகியதால் அந்தப் பிளக்ஸைப் போட்டு மூடியிருக்கிறேன். முகம் வெயிலில் வெளுக்கக்கூடாது என்று படம் உள்பக்கம் வருகிற மாதிரிக் கட்டினேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஆடாவது தெனமும் என்னைப் பொறியாளராப் பாக்குது” என்றாள்.

அவளும் தேன்மொழியும் சிரித்தார்கள். நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். பால் பொங்குகிற நேரம்.

ஜூலை 21

புது வருட டைரியை உரக்கடையில் தரவில்லை. பழையதிலேயே மிச்சப் பக்கத்தில் எழுதுகிறேன்.

இன்று சிதம்பரவேலின் தம்பி வீட்டு விருந்து. போன வருடம் நமக்கு அவர்கள் எழுதியது முந்நூறு. இலக்கியா ஆயிரத்து ஐநூறு அனுப்பியிருந்தாள், கூட வைத்தே செய் அப்பாயி என்று. புதுப் புடவை கட்டிக்கொண்டு, பகலிலேயே, நடுத்தெரு வழியாகத்தான் போனேன்.

மொய் எழுதுகிற மேசையில் சக்கரபாணி.

“யார் பேர்ல எழுதட்டும் பெரியம்மா?”

“இலக்கியா பேர்ல.”

ஆயிரத்து ஐநூறு கொடுத்தேன். அவன் எழுதிவிட்டு மைக்கை வாயருகே வைத்தான். நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தான். அவன் மகள் ஓசூரில் அதே கம்பெனியில்தான் இருக்கிறாள். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

“பொறியாளர் இலக்கியா, ஆயிரத்து ஐநூறு” என்று வாசித்தான். போன வருடத்தைவிடக் கணீரென்று இருந்தது. ‘வருங்கால’ என்பதை விட்டுவிட்டான்.

யாரும் சிரிக்கவில்லை. பந்தியில் கோவிந்தம்மாள் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள். இலை போட்டார்கள். கறி வைத்தார்கள். உப்பு இருந்ததா இல்லையா என்று இப்போது யோசித்தால் நினைவு இல்லை.

பொழுது சாய இலக்கியா போன் செய்தாள். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

“மொய் வச்சிட்டியா அப்பாயி?”

“வச்சிட்டேன்.”

“எம்பேரு சொன்னாங்களா?”

“சொன்னாங்க.”

“எப்படிச் சொன்னாங்க?”

போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“சத்தமாச் சொன்னாங்க” என்றேன்.